முன் இருக்கை மூட்டை

ஹாப்சலு, 1987 ஜனவரி 26

சால்மே அக்காவுக்கு,

கடல் உறைந்துவிட்டது, கப்பலை நிறுத்திவிட்டு உங்கள் தீவுக்குப் பனிப்பாதையைத் திறந்துவிட்டார்கள் என்று வானொலியில் கேட்டேன். நாம் பேசாமல் இரண்டு குளிர்காலம் போய்விட்டது. பழையதைக் கிளற இதை எழுதவில்லை. அம்மாவின் தையல் மிஷின் என் வீட்டில் சும்மா கிடக்கிறது. அது உனக்குச் சேர வேண்டியது. வருகிற சனிக்கிழமை என் ஷிகுலி காரில் கொண்டுவருகிறேன்.

பயப்பட ஒன்றுமில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. மிஷினின் இரும்புக் காலைக் கழற்றித் தரையோடு தரையாக, பின் அச்சுக்கு முன்னால் வைப்பேன். அதன்மேல் உனக்கு இரண்டு மாவு மூட்டை. எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டிவிடுவேன். பின்னால் பாரம் கூடினால் முன்சக்கரம் தரையைப் பிடிக்காது, பனியில் ஸ்டியரிங் திருப்பியும் புண்ணியமில்லை. கூரையில் ஒன்றும் ஏற்றமாட்டேன். கடல்மேல் ஏறியதும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கதவைத் தாழில் விழாமல் ஒருக்களித்து வைத்து, மெதுவாக வருவேன். வேகமும் இல்லாமல் நிதானமும் இல்லாமல் ஓட்டினால்தான் பனிக்கு அடியில் அலை கிளம்பும்.

உனக்குப் பேச விருப்பம் இல்லையென்றால் பேச வேண்டாம். இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

உன் தம்பி,
ஏவால்ட்


ஹீயுமா தீவு, ஜனவரி 29

தம்பி ஏவால்டுக்கு,

நீ எழுதியது கடிதமா, உன் பள்ளிக்கூடத்துப் பாடமா? பாதி படித்ததும் பரீட்சைக்கு உட்கார வேண்டுமோ என்று பயந்துபோனேன்.

மிஷினைக் கொண்டுவா. நானும் உன்னிடம் சண்டை போடப் போவதில்லை. ஆனால் நீ சொன்னதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. என் வீட்டுக்காரரின் நினைவுச் சாப்பாட்டில், ஊரே உட்கார்ந்திருக்கும்போது, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தான் தகரத்தையெல்லாம் பின்னாடி அடுக்கினாரு, அதான் பனி உடைஞ்சு உள்ள போயிட்டாரு"ன்னு சொன்னவன் நீ. நீ சொன்னது சரியாகவே இருக்கட்டும். சரியானதை எல்லாம் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டுமா? வசந்தத்தில் காரைத் தூக்கினார்களே, கதவு திறந்திருந்தது. ஆர்நோ வெளியே குதித்துவிட்டார். கரைக்குத்தான் வந்து சேரவில்லை. அதை மட்டும் நீ சொல்லவே இல்லை.

அது போகட்டும். இப்போது சொல்வதைக் கேள். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாமல் பனிப்பாதையில் இறங்காதே. ஆள் இல்லையென்றால் ஒரு மூட்டை வை. உருளைக்கிழங்கோ உப்போ எதுவானாலும் சரி. இங்கே குளிர்காலம் வந்தால் மூட்டை இல்லாத காரே கிடையாது. நீதான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மெதுவாகப் போகிறாயே. திறந்த கதவும் காலி இருக்கையும் இருந்தால் ஏறிக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறார்கள்.

சிரிக்காதே. வை.

சால்மே


ஹாப்சலு, பிப்ரவரி 4

அக்காவுக்கு,

மிஷின் ஓடுகிறதா? நீ காபி கொடுத்தாய், ஒரு வார்த்தையும் கொடுக்கவில்லை. இருந்தாலும் புகையிட்ட மீன் நன்றாக இருந்தது.

வரும்போது நான் மூட்டை வைக்காததற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். பக்கத்து இருக்கையில் மிஷினின் மேல்பகுதியைக் கட்டி வைத்திருந்தேன். திரும்பும்போது நீயே ஒரு தானிய மூட்டையைத் தூக்கி வைத்தாய். அதைக் கரையிலேயே இறக்கி, காவல் குடிசையில் இருக்கும் ஹெல்வியிடம் கொடுத்துவிட்டேன். கட்டாத மூட்டையை ஆள் உட்காருமிடத்தில் வைத்துக்கொண்டு ஓட்டக்கூடாது என்று என் மாணவர்களை வாய் வலிக்கத் திட்டுகிறேன். பிரேக் போட்டால் அது என் கழுத்துக்குத்தான் வரும். அந்த அம்மாள் முகம் வெளுத்துப்போய், "வேணாங்க, இதை எடுத்துட்டே போங்க"ன்னு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். தமாஷாக இருந்தது.

பாதை நன்றாக இருந்தது. வழி காட்ட ஓரத்தில் நட்டிருந்த ஜூனிபர் கிளைகள் கடைசிவரை தெரிந்தன. நடுக்கடலில் பக்கத்துக் கதவு ஒருமுறை அடித்துக்கொண்டது. காற்று. கரையேறியதும் இந்தப் பக்கத்துக் காவலாளி குனிந்து பார்த்துவிட்டு, "கூட வந்தவர் பேரையும் சொல்லுங்க" என்றான். காலையிலேயே குடித்திருக்கிறான் போல.

ஒரு சந்தேகம். உங்கள் வீட்டுப் பாதையில் ஏதாவது பள்ளத்தில் இறக்கினேனா? வலது முன்பக்கம் வண்டி கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது. ஸ்பிரிங் போய்விட்டது போலிருக்கிறது.

ஏவால்ட்


ஹீயுமா, பிப்ரவரி 8

தம்பி,

ஹெல்வி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "உன் தம்பி பூனைக்குட்டியைத் தூக்கிப் போடுற மாதிரி போட்டுட்டுப் போயிட்டாரு சால்மே. அந்தக் கரையிலிருந்து போன் வந்துச்சு. ரெண்டு பேரு கரையேறினாங்களாம்" என்றாள்.

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஏவால்ட், உன் ஸ்பிரிங் போகவில்லை. நீ ஆளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாய். எந்த இடத்தில் கதவு அடித்தது? ஜூனிபர்கள் வளைந்து திரும்புமே, அங்கேயா? ஆர்நோவின் கார் உள்ளே போன இடம் அதுதான்.

ஏறியவர்கள் தாமாக இறங்கமாட்டார்கள். கரை வந்தது அவர்களுக்குத் தெரியாது. கதவைத் திறந்து, "மண் வந்தாச்சு, எறங்குங்க" என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்லாதவரை வண்டி எங்கே ஓடினாலும் அவர்களுக்கு அது கடல்தான். உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அங்கே அதைச் சொல்லிவிடாதே. அந்தக் கரையில் இறங்கிவிட்டால் எப்படித் தாண்டி வருவார்? கதவைச் சாத்தி வை. காலி இருக்கையோடு, பனி இருக்கும்போதே இங்கே வா. அவரைக் கொண்டுவந்து விடு.

இரண்டு வருஷமாக நான் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. செத்தவர்களுக்கு நவம்பரில் மேஜையில் சாப்பாடு வைப்போமே, அப்போதும் அவருக்கு வைக்கவில்லை. செத்துவிட்டார் என்று யார் பார்த்தார்கள்? அவர் உன் காரில் உட்கார்ந்திருக்கிறார். கொண்டுவா.

அக்கா


ஹாப்சலு, பிப்ரவரி 14

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வருத்தப்பட்டேன். நீ அந்தத் தீவில் தனியாக இருப்பது சரியில்லை என்று அன்றைக்கே சொன்னேன். இங்கே வந்துவிடு. அறை இருக்கிறது.

ஒரு காவலாளியின் உளறலை நம்பி நான் கடல்மேல் வண்டியை இறக்க முடியாது. பாதையை அனாவசியமாகப் பயன்படுத்தக்கூடாது என்பது முதல் விதி. அத்தான் இறந்துவிட்டார். அதை ஒத்துக்கொண்டால்தான் உனக்குத் தூக்கம் வரும்.

வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறேன்.

ஏவால்ட்


ஹாப்சலு, பிப்ரவரி 23

அக்கா,

உன்னிடம் இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கேலி செய்யாமல் படி.

ஸ்பிரிங்கை மாற்றினார்கள். இடதுபக்கம் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் என் முஷ்டி தாராளமாகப் போகிறது. வலதுபக்கம் விரல்கள்தான் போகின்றன. புது ஸ்பிரிங்கும் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

காலையில் வண்டியைத் திறந்தால் பக்கத்து இருக்கையின் ஜன்னல் கண்ணாடியில் மட்டும் உள்பக்கம் பனி பிடித்திருக்கிறது. என் பக்கத்தில் இல்லை. மூச்சு விடுகிற ஆள் இருந்தால்தான் அப்படிப் பிடிக்கும் என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

என்னிடம் படிக்கிற நர்ஸ் ஒருத்தியை வழியில் பார்த்து ஏற்றிக்கொண்டேன். முன்னால் உட்கார்ந்தவள் உடனே எழுந்துவிட்டாள். "சார், தப்பா நினைக்காதீங்க, நான் பின்னாடியே உக்காந்துக்கிறேன். யாரோ மடியில உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள். அவள் கோட்டின் பின்புறம் ஈரமாக இருந்தது.

எனக்கும் எடைக்கும் எப்போதும் ஒத்துப்போகும். எடை பொய் சொல்லாது. அதனால் தானியக் கிடங்கின் எடைமேடையில் வண்டியை ஏற்றினேன். நான் இறங்கி நின்றேன். மேடைக்காரர் எட்டிப் பார்த்து, "உள்ள இருக்கிறவரையும் எறங்கச் சொல்லுங்க" என்றார். "யாரும் இல்லீங்க" என்றேன். "அப்ப ஏன் ஒரு ஆள் எடை கூடுதலாக் காட்டுது?" என்றார். வேறொரு வண்டியை ஏற்றிப் பார்த்தார், அது சரியாகக் காட்டியது. பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. வேலைக்கு நடந்துதான் போகிறேன்.

ஏவால்ட்


ஹீயுமா, பிப்ரவரி 26

என் தம்பிக்கு,

உன்னைக் கேலி செய்வேனா? உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

காற்று தெற்கிலிருந்து வீச ஆரம்பித்துவிட்டது. ஹெல்வி தினமும் துளை போட்டு அளக்கிறாள், பனி இளகுகிறது என்கிறாள். வண்டிகளுக்கு அனுமதித்த பாரத்தைக் குறைத்துவிட்டார்கள். இன்னும் சில நாளில் சாலையை மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் அடுத்த குளிர்காலம். அதுவரை அவர் உன் வண்டிக் கொட்டகையில் ஈரத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

உன் உயிரையும் பணயம் வைக்கச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியாமலில்லை. வரமாட்டேன் என்றால் கோபித்துக்கொள்ளமாட்டேன், எழுதிவிடு. நானே அந்தக் கரைக்கு வந்து வண்டியை எடுத்துக்கொள்கிறேன். எனக்கு ஓட்டத் தெரியாது, ஆனால் வருவேன்.

அக்கா


ஹாப்சலு, மார்ச் 1

அக்காவுக்கு,

நீ வரவேண்டாம். தயவுசெய்து எந்த வண்டியையும் தொடாதே. புதன்கிழமை காலை நான் வருகிறேன்.

ஓர் ஆள் எடை கூடுதல் என்பதால் அதற்கு ஈடாகப் பின் இருக்கையைக் கழற்றிவிட்டேன். மாற்று டயர், கருவிப்பெட்டி, மண்வெட்டி எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். பெட்ரோலும் பாதிதான்.

ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. கடல்மேல் இரண்டு கதவையும் ஒருக்களித்து வைப்பதுதான் விதி. அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்தால் நடுவழியில் இறங்கிவிடமாட்டாரா? சாத்திவிடட்டுமா? உடனே பதில் போடு.

ஏவால்ட்


ஹீயுமா, மார்ச் 2

திறந்தே வை. பனி உடைந்தபோது திறந்த கதவு வழியாகக் குதித்தவர் அவர். அவரை உள்ளே வைத்துச் சாத்த எனக்கு மனசு வராது. இருக்க வேண்டுமென்றால் இருப்பார்.

நீராவிக் குளியலுக்குச் சானாவைச் சூடாக்கி வைக்கிறேன். பட்டாணி சூப் செய்கிறேன், அவருக்குப் பிடிக்கும்.

சால்மே


ஹாப்சலு, மார்ச் 8

அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நான் திரும்பி வந்த அன்று மாலையே பாதையை மூடிவிட்டார்கள்.

உன் மூட்டையை இந்தமுறை முன் இருக்கையிலேயே வைத்துக்கொண்டேன். கயிற்றால் கட்டி, பெல்ட்டும் போட்டுவிட்டேன். மனிதன் கடல்மேல் பெல்ட் போடக்கூடாது, குதிக்க வேண்டிவரும். மூட்டைக்குக் குதிக்கத் தெரியாது, போடலாம். ஹெல்வி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

அவசரத்தில் உன்னிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் தீவுக்கு வரும்போது பனிமேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, சக்கரம் சலசலவென்று சத்தம் போட்டது. அடியில் எங்கேயோ நீளமாக விரிசல் விடுகிற ஓசை. நான் வேகத்தை மாற்றவில்லை. அப்போது பக்கத்துக் கண்ணாடியில் பிடித்திருந்த பனியில் ஒரு கை அளவுக்குத் துடைபட்டது. கண்ணாடியின் பின்பாதியில், ஹாப்சலு பக்கம். தலையைத் திருப்பி எங்கள் கரையைப் பார்க்கிறவர் எப்படித் துடைப்பாரோ அப்படி. அது ஏன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

இன்னொன்று, நீயே பார்த்தாய். நான் கதவைத் திறந்து, "மண் வந்தாச்சு, எறங்குங்க அத்தான்" என்றபோது வண்டி அசையவில்லை. நீ வந்து, "வந்துட்டீங்க, எறங்குங்க" என்று பொதுவாகச் சொன்ன பிறகுதான் ஸ்பிரிங் கிறீச்சிட்டு மேலே எழும்பியது. நினைவுச் சாப்பாட்டில் நான் சொன்னது அவருக்கு இன்னும் மனசில் இருக்கிறது போல. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

இப்போது முஷ்டி இரண்டு பக்கமும் ஒரேமாதிரி போகிறது.

உன் தம்பி


ஹீயுமா, மார்ச் 19

தம்பி ஏவால்டுக்கு,

கடல்பனி உடைந்துவிட்டது. விமானத்தில் போகிற தபாலில் இதைப் போடுகிறேன்.

நீ மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் இங்கே இல்லை. நாம் கொண்டுவந்தது ஆர்நோவை இல்லை.

முதல் நாள் நான் ஒன்றும் கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் பைத்தியம் மாதிரி பேசிக்கொண்டே இருந்தேன். அவருடைய இடத்தில், ஜன்னலோரம் சூப் வைத்தேன். காலையில் கிண்ணம் அப்படியே இருந்தது. கதவோரத்து பெஞ்சுதான் நனைந்திருந்தது. வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் வாசலில் பார்த்தேன். ஈரப் பாதம். காலையில் துடைத்தாலும் மறுபடியும் அதே இடத்தில் இரண்டு பூட்ஸ் அடையாளம். பெரிய பாதம் ஏவால்ட். ஆர்நோ அவசரத்துக்கு என் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டுக்கொட்டிலுக்குப் போவார், உனக்கு நினைவிருக்கும். இந்தப் பாதத்தில் ஆர்நோவின் கால் ஒன்றரை வைக்கலாம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கரண்டியைத் தரையில் எறிந்துவிட்டு, "யாரு நீ? எங்க வீட்டுக்காரர் எங்க? அவரு ஏற வேண்டிய எடத்துல நீ ஏன் ஏறின?" என்று கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். நம் அம்மா கேட்டிருந்தால் என் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பாள்.

கத்தி முடித்துவிட்டுப் பார்த்தால் பெஞ்சு காய்ந்து கிடந்தது. வாசல் பாதத்தையும் காணவில்லை. கதவைத் திறந்தேன். வெளியே, படிக்குக் கீழே, மழையில் அந்த இரண்டு பாதம் என் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றன. கடல் பக்கம் பார்த்து. போகிறதுக்குப் பனியும் இல்லை, இருக்கிறதுக்கு இடமும் இல்லை என்கிற மாதிரி.

என்னால் கதவைச் சாத்த முடியவில்லை. "உள்ள வாங்க. நனையாதீங்க" என்றேன்.

இப்போது கிண்ணத்தைக் கதவோரம்தான் வைக்கிறேன். கொஞ்சம் குறைகிறது. கரண்டி எப்போதும் இடதுபக்கம் மாறிக் கிடக்கிறது. இடதுகைக்காரர் போலிருக்கிறது.

உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அவர் திரும்பித் திரும்பி உங்கள் கரையைத்தானே பார்த்துக்கொண்டு வந்தார்? அவர் போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருந்தார். நான்தான் அழுது அடம்பிடித்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்துவிட்டேன். உன் பக்கத்து ஊர்களில் விசாரி. பெரிய பாதம், இடதுகை, பனியில் போய்த் திரும்பாதவர். யாரோ ஒருத்தி என்னைப்போல் சாப்பாடு வைக்காமல் இருப்பாள்.

ஆர்நோ இன்னும் வெளியே, கடலில்தான் நிற்கிறார். ஆனால் இவரை வைத்துக்கொண்டு அதற்காக அழ வேண்டாம் என்று சானாவுக்குப் போய் அழுதுவிட்டு வருகிறேன்.

அக்கா


ஹாப்சலு, மே 11

அக்காவுக்கு,

கப்பல் ஓட ஆரம்பித்துவிட்டது. இதோடு ஒரு பொட்டலமும் வரும். என்னவென்று கடைசியில் சொல்கிறேன்.

கடலோரத்து ஊர் ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டேன். என்னை வழிதவறிய இன்ஸ்பெக்டர் என்று நினைத்தார்கள். தேடிக் களைத்துவிட்டுப் பார்த்தால், அந்த வீடு என் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மீனவக் குடியிருப்பில்தான் இருந்தது. கொட்டகையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். பெயர் ஹில்தா. கணவர் மிஹ்கெல், பனியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போனவர்.

எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல், "உங்க வீட்டுக்காரருக்குப் பாதம் பெரிசா?" என்று கேட்டுவிட்டேன். அடிக்க வருவாள் என்று நினைத்தேன். அவள் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "கதவோரமாத்தானே உக்காருறாரு?" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் கொட்டகையில் இருந்தார் என்று சொன்னபோது ஜன்னல் வழியாக என் கொட்டகையின் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. நாம் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை அக்கா, ஆனாலும் அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

பிறகு, "உங்க அக்கா அவரை உள்ள விட்டாங்களா?" என்றாள். விட்டாய் என்றேன். "சூப்பு குடுத்தாங்களா?" கொடுத்தாய் என்றேன். அப்போதுதான் அழுதாள்.

பொட்டலத்தில் இருப்பது அவள் பின்னிய கம்பளிக் காலுறை. நனைந்த பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டுமாம். மீன் சூப்புதான் பிடிக்குமாம், பட்டாணி ஒத்துக்கொள்ளாதாம்.

கடல் மறுபடி உறைந்ததும் நானே வந்து அவரை அழைத்துவருகிறேன் என்று சொன்னேன். அவரை இங்கே இறக்கிவிட்டு, அதே காலி இருக்கையோடு உன்னிடம் திரும்பி வருவேன். வழியில் ஜூனிபர்கள் வளைகிற இடத்தில் மெதுவாக்குவேன். யார் ஏறினாலும் ஏறட்டும். அத்தானாக இல்லாவிட்டால் மறுபடியும் வருவேன்.

ஹில்தா அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. "என் வீட்டுக்காரரை நான் போய்க் கூட்டிட்டு வரேன், எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க" என்றாள். போன திங்கட்கிழமை முதல் கற்றுக்கொடுக்கிறேன். நன்றாகத்தான் ஓட்டுகிறாள், கியரைத்தான் கொஞ்சம் நொறுக்குகிறாள். கற்றுக்கொடுக்கிறவன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் விதி. அவள் என்னைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டாள். இருக்கையைக் காலியாக வைத்துக்கொண்டே ஓட்டிப் பழக வேண்டுமாம்.

பின்னால்தான் உட்கார்ந்து வருகிறேன்.

உன் தம்பி,
ஏவால்ட்